அம்மம்மாவைப் படம் எடுக்க ஒரு கமரா

அன்புள்ள அக்காவுக்கு,

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். கனடாவில் இருக்கும் அண்ணா கமரா வாங்கக் காசு அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அன்றையில் இருந்து வீட்டில் ஒரே கதைதான். ஸ்ரூடியோவில் வேலை செய்யும் மச்சான் 24 மெகாபிக்சலுக்குக் குறைந்து வாங்காதே என்கிறார். கூடப் படிப்பிக்கும் அக்கா, போன் இருக்கும்போது கமரா என்னத்துக்கு என்கிறா. இனி மிரர்லெஸ்தான் என்று அண்ணா அனுப்பும் வீடியோ எல்லாம் ஆங்கிலத்தில். எனக்கு எடுக்க விருப்பம் எங்கள் அம்மம்மாவை. 81 வயது. அவவின் படம் எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது. மாமாவின் கலியாணத்தில் பின்வரிசையில் பாதி முகம். பிறகு என் முன்பள்ளிப் பிள்ளைகளை எடுக்க வேண்டும். எந்தக் கமரா வாங்கலாம்? வாங்கினாலும் எப்படிப் பழகுவது? பெயர் போடாமல் பதில் எழுதுங்கள்.

ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு தங்கை


அன்புள்ள தங்கச்சி,

கமரா பற்றி எனக்கு வரும் கடிதங்களில் அனேகமானவை மொடலில் தொடங்கி மொடலிலேயே முடியும். நீங்கள் யாரை எடுக்கப் போகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் எனக்குப் பதில் சொல்வது லேசு.

பாதி முகம் என்று எழுதிய இடத்தைத் தாண்டிப் போக எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. எங்கள் வீட்டு அல்பத்தை 2009 தொடக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் வாளிக்குள் போட்டு, மூடியைச் சுற்றி ரேப் ஒட்டி, விசுவமடுவில் மாமரத்தடியில் தாட்டுவிட்டுத்தான் வெளிக்கிட்டோம். 2011இல் திரும்பிப் போய்க் கிண்டி எடுத்தபோது வாளிக்குள் தண்ணீர் நின்றது. போட்டோத் தாளில் நிறத்தைப் பிடித்து வைத்திருப்பது ஜெலற்றின். ஈரம் ஊறினால் அது பசையாகிவிடும். ஒவ்வொரு படமும் மேலே மூடியிருந்த பிளாஸ்ரிக் தாளோடு ஒட்டிப்போயிருந்தது. அம்மா ஒன்றை மெல்ல உரித்தா. முகம் பிளாஸ்ரிக்கோடு போய்விட்டது. தாளில் மிஞ்சியது அப்பாவின் வேட்டிக் கரையும், அவரைப் பிடித்திருந்த என் சின்னக் கையும்தான். இன்று எங்கள் சாமியறையில் இருக்கும் அப்பாவின் படம் அடையாள அட்டையில் இருந்து பெருப்பித்தது.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் இருந்த கொட்டிலுக்கு நானும் போய் இருந்திருக்கிறேன். அம்மாமார் மடியில் வைத்திருந்த படங்களைக் கிட்டப் பார்த்தேன். பாஸ்போட் அளவுப் படத்தைப் பெருப்பித்தது, பள்ளிக்கூடக் குழுப்படத்தில் இருந்து வெட்டி எடுத்தது, இப்படித்தான் கனக்க. ஒரு படத்தில் பெடியனின் தோளில் யாரோ ஒருவரின் கை கிடந்தது. ஆள் இல்லை, கை மட்டும். தன் வீட்டு முற்றத்தில், தான் சிரிக்கிற மாதிரியே சிரித்துக்கொண்டு நிற்கிற ஒரு பிள்ளையின் படம் அங்கே என் கண்ணில் படவில்லை. அதுவரை நான் குளமும் கொக்கும் பொழுதுபடுகிற நேரத்து வானமும் எடுத்துக்கொண்டு திரிந்தவள். அதற்குப் பிறகு ஆட்களைத்தான் எடுக்கிறேன்.

இனி கமராவுக்கு வருகிறேன்.

மச்சான் சொன்ன 24 மெகாபிக்சலில் பிழையில்லை. ஆனால் அந்த எண்ணைப் பார்த்து வாங்கத் தேவையில்லை. 2006இல் வந்த நிக்கான் டி40 கமராவில் 6 மெகாபிக்சல்தான், அதாவது ஒரு படத்தில் 60 லட்சம் புள்ளி, அகலத்தில் 3008 புள்ளி, உயரத்தில் 2000. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று நல்ல தரத்தில் அச்சடித்தாலும் 10 அங்குல அகலத்தில் படம் வரும். வீட்டுச் சுவருக்கு அது காணும். நீங்கள் பார்க்க வேண்டியது சென்சரின் பரப்பு, அதாவது கமராவுக்குள் வெளிச்சத்தைப் பிடிக்கிற தட்டின் அளவு. மழைக்கு முற்றத்தில் ஒரு தம்ளரும் ஒரு கிடாரமும் வைத்தால் எதில் தண்ணீர் கூடச் சேரும்? சாதாரண விலைப் போனின் சென்சரைவிட, உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர் கமராவின் சென்சர் பத்து மடங்குக்குக் குறையாமல் பெரிது. வெளிச்சம் குறைந்த குசினியில், பின்னேரத்து விறாந்தையில் அந்த வித்தியாசம் முகத்தில் தெரியும்.

அதற்காகப் போன் கூடாது என்று சொல்ல வரவில்லை. பகல் வெளிச்சத்தில் அது நல்லாய் எடுக்கும். அண்ணாவின் காசு வரும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே போனால் அம்மம்மாவை எடுங்கள். எடுக்க முதல் அதில் பியூட்டி என்று இருப்பதை மட்டும் நிற்பாட்டி விடுங்கள். அது அவவின் சுருக்கங்களைத் துடைத்து, தோலையும் வெளுக்க வைத்துவிடும். கலியாண அல்பங்களிலும் இதே வேலை நடக்கிறது. மணவறையில் இருக்கிற பிள்ளையைப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. எங்கள் கறுப்பு எங்கள் கறுப்பாகவே படத்தில் வர வேண்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை, நீங்களும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அண்ணா சொல்வதும் சரி. கெனானும் நிக்கானும் இப்போது புதிதாக இறக்குவது உள்ளே அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகையைத்தான். ஆனால் 2022 நெருக்கடியில் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ரூபா வரை ஏறிய பிறகு, இங்கே புதுக் கமரா ஒன்றின் விலை ஒரு முன்பள்ளி ஆசிரியைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. அனுப்புகிற காசில் பாவித்த டிஎஸ்எல்ஆர் ஒன்றை வாங்கி, மிச்சத்தில் 35 மில்லிமீற்றர் 1.8 லென்ஸ் ஒன்றை வாங்குங்கள். 1.8 என்பது வெளிச்சத்தை உள்ளே விடும் துளையின் எண், அதைக் கீழே சொல்கிறேன். நிக்கான் டி3100, டி3200, டி5200 எதுவும் சரி. கெனான் 1200டி கிடைத்தாலும் சரிதான், அதற்கு 50 மில்லிமீற்றர் 1.8 லென்ஸ் மலிவாக வரும். கமராவோடு வரும், 18இல் இருந்து 55 மில்லிமீற்றர் வரை மாற்றக்கூடிய 18-55 லென்ஸையும் வைத்திருங்கள். ஆனால் அம்மம்மாவுக்கு 35தான். அதே 35இல் வைத்துப் பார்த்தால், 18-55ஐவிட ஏறக்குறைய 6 மடங்கு வெளிச்சத்தை அது உள்ளே விடும்.

லென்ஸ் வாங்கும்போது ஒன்று கவனம். நான் 2013இல் டி3100க்கு என்று கொழும்பில் ஒரு கடையில் 50 மில்லிமீற்றர் லென்ஸ் வாங்கினேன். பூட்டிப் பார்த்தேன், பூட்டியது. பஸ் ஏறி வீட்டுக்கு வந்த பிறகுதான் அது தானாகப் போகஸ் ஆகாது என்று தெரிந்தது. டி3000, டி5000 வரிசைக் கமராக்களுக்குள் போகஸ் மோட்டர் கிடையாது. லென்ஸுக்குள்ளே மோட்டர் இருக்க வேண்டும். நிக்கானில் அப்படிப்பட்ட லென்ஸின் மேல் ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருக்கும். கடைக்காரர் சொல்லவில்லை, எனக்குக் கேட்கத் தெரியவில்லை. ஒரு வருசம் முழுக்கக் கையால் வளையத்தைத் திருப்பித் திருப்பித்தான் படம் எடுத்தேன். பிள்ளைகள் ஓடுகிற முன்பள்ளியில் உங்களுக்கு அந்தப் பாடு வேண்டாம்.

பாவித்த கமராவை வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ நேரில் போய்ப் பார்த்து வாங்குங்கள். போனின் ரோச்சை லென்ஸின் பின்பக்கத்தால் அடித்து முன்பக்கத்தால் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி உள்ளே ஏதும் ஓடினால் அது பூஞ்சணம், வேண்டாம். வானத்தை நோக்கி, லென்ஸின் துளை எண்ணை 16இல் வைத்து ஒரு படம் எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள். கறுப்புப் பொட்டுகள் தெரிந்தால் சென்சரில் தூசி. அது துடைக்கக்கூடியது, விலையைக் குறைத்துக் கேட்கலாம். எத்தனை படம் எடுத்த கமரா என்று கேளுங்கள். கலியாணங்களுக்கு ஓடின கமராவில் அந்தக் கணக்கு ஒரு லட்சத்தைத் தொட்டிருக்கலாம், அவ்வளவு ஓடினது தேய்ந்திருக்கும்.

பழகுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற ஊர்க்காரிக்கு இது விளங்காமல் போகாது. துருசை அகலத் திறந்து கொஞ்ச நேரம் விட்டாலும் வயல் நிரம்பும். ஒடுக்கித் திறந்து கனநேரம் விட்டாலும் அதே அளவு நிரம்பும். துருசின் அகலம்தான் அப்பச்சர், திறந்து வைக்கிற நேரம்தான் ஷட்டர். அப்பச்சர் எண் சிறிதானால் துளை பெரிதாகும் என்பது முதலில் எல்லாரையும் குழப்பும். அது ஒரு பிரித்தல் கணக்கு. 35ஐ 1.8 ஆல் பிரித்தால் 19 மில்லிமீற்றர் துளை, 16 ஆல் பிரித்தால் 2 மில்லிமீற்றர் துளை. ஐஎஸ்ஓ என்பது றேடியோவின் சத்தத்தைக் கூட்டுகிற திருகு மாதிரி. கூட்டலாம், இரைச்சலும் சேர்ந்து கூடும். இந்தக் கமராக்களில் 1600 வரை பயமில்லாமல் கூட்டுங்கள்.

துளையை அகலத் திறந்தால் வெளிச்சத்தோடு இன்னொன்றும் மாறும். அம்மம்மாவுக்கு ஒரு மீற்றர் தள்ளி இருந்து 1.8இல் எடுத்தால் தெளிவாக வரும் ஆழம் ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர்தான். கண் தெளிவாக இருக்கும், காதுத் தோடு கரைந்துவிடும். அந்தத் தோடும் உங்களுக்கு வேண்டுமென்றால் 4இல் வையுங்கள், ஆழம் 13 சென்ரிமீற்றர் ஆகும். எனக்குத் தோடும் வேண்டும், அதனால் நான் 4இல்தான் எடுப்பேன். முதல் மாதம் கமராவின் சில்லை ஏ என்ற எழுத்தில் வைத்தால், கெனானில் ஏவி, நீங்கள் துளையை மட்டும் பார்த்துக்கொள்ள நேரத்தைக் கமரா பார்த்துக்கொள்ளும். நேரம் ஒரு செக்கனில் 125இல் ஒரு பங்கைவிட நீண்டால் ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள். ஓடுகிற பிள்ளைக்கு ஒரு செக்கனில் 500இல் ஒரு பங்கு வேண்டும்.

இதைவிடப் பெரிய பாடம் வெயில். சித்திரை வருசத்தை ஒட்டிய நாட்களிலும், பிறகு ஆவணியிலும், வன்னியில் மத்தியானச் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நிழல் காலுக்குள் ஒளியும். அந்த நேரம் முற்றத்தில் ஒருவரை நிற்க வைத்தால் கண் இரண்டும் குழியாக இருண்டு, மூக்கு நுனியும் நெற்றியும் மட்டும் பளபளக்கும். எந்த விலைக் கமராவாலும் அதைத் திருத்த முடியாது. அம்மம்மாவின் கதிரையை வாசலுக்கு அரை மீற்றர் உள்ளே போடுங்கள். முகம் வெளியே பார்த்து இருக்கட்டும், நீங்கள் வாசல் நிலையோடு ஒட்டி நில்லுங்கள். முற்றத்து மணலில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் கீழிருந்து வந்து கண்ணுக்குள் விழும். அதே இடத்தில் விடிய ஏழு மணிக்கு ஒன்று, மத்தியானம் ஒன்று, பின்னேரம் ஐந்தரைக்கு ஒன்று என்று ஒரு கிழமை எடுத்துப் பாருங்கள். ஆங்கிலக் கைநூலை நீங்கள் திறக்கவே வேண்டியிராது.

ஒரு பொத்தான் மட்டும் தெரிந்திருக்க வேண்டும், கூட்டலும் கழித்தலும் போட்ட பொத்தான். கமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கத்தான் பார்க்கும். வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள் வரிசையாய் நின்றால், வெள்ளை கூடிப்போச்சு என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கும், முகங்களும் சேர்ந்து இருண்டுவிடும். அப்போது +1 வையுங்கள். பிள்ளைகளைப் படம் எடுக்க முதல் தாய் தகப்பனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கள் ஊரில் படம் என்றால் பயப்படுகிறவர்களுக்கு அதற்கான காரணம் இருக்கிறது. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்காமல் விட்டுவிடுங்கள்.

கிரவல் றோட்டில் போகும்போது கமராவை வெளியே தொங்கவிடாதீர்கள், அங்கே நின்று லென்ஸ் மாற்றவும் வேண்டாம். மாரி தொடங்கினால் மூடி இறுக்கமான பிளாஸ்ரிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். பெட்டிக்குள்ளேயே கிழமைக்கணக்கில் கிடக்கவும் விடாதீர்கள்.

எடுத்த படங்களை மெமரி காட்டிலேயே விட்டு வைக்க வேண்டாம். மாதம் ஒருமுறை நல்லதாய்ப் பத்தைத் தெரிந்து அச்சடியுங்கள். பின்பக்கத்தில் பெயர், ஊர், திகதி எழுதுங்கள். எழுதாவிட்டால் முப்பது வருசத்தில் அது யாரோ ஒரு கிழவியின் படம். படத்தில் இருக்கிறவருக்கு ஒரு பிரதியைக் கையில் கொடுங்கள். எல்லாப் படங்களின் இன்னொரு பிரதி கனடாவில் அண்ணாவிடம் இருக்கட்டும். வாளிக்குள் போட்டுத் தாட்டவள் சொல்கிறேன், ஒரு பிரதி இந்த மண்ணுக்கு வெளியே இருக்க வேண்டும்.

அம்மம்மாவிடம் கமராவைக் காட்டினால் நல்ல சீலை ஒன்று உடுத்துக்கொண்டு வருகிறேன் என்பா. உடுத்து வரட்டும், அதையும் எடுங்கள். ஆனால் அவ கதிரையை விட்டு எழும்ப முதல், அந்த வீட்டுச் சீலையோடேயே ஒன்று கேட்டு எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா