சிஆர்பி, டி-டைமர், ஃபெரிட்டின்: கேள்வி பதில்

கோவிட் போன்ற வைரஸ் தொற்று நுரையீரலைத் தாக்கும்போது ரத்தப் பரிசோதனைகள் எதை முன்கூட்டிச் சொல்லும் என்ற கேள்விகளுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர் ஒருவரின் பதில்கள்.

கேள்வி: அப்பாவுக்கு சிஆர்பி 80. ஆபத்தா, டாக்டர்?

பதில்: அவர் நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார், ஆக்சிஜன் அளவு எவ்வளவு என்பதை நீங்கள் எழுதவில்லை. முதலில் அதைப் பாருங்கள். மூச்சு 30-ஐத் தாண்டினாலோ ஆக்சிஜன் 90-க்குக் கீழே இறங்கினாலோ, அறிக்கைக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

சிஆர்பி, உடலில் அழற்சி இருக்கும்போது கல்லீரல் சுரக்கும் புரதம். சுரக்கச் சொல்வது நோயெதிர்ப்புச் செல்கள் அனுப்பும் இன்டர்லியூக்கின்-6 என்ற செய்திப் புரதம். ரத்தத்தில் சிஆர்பியின் அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம். ஆகவே அழற்சி அடங்கினால் மறுநாளே ஏறக்குறைய பாதியாகும். 80 என்ற எண்ணைவிட, நேற்று 40 ஆக இருந்ததா 150 ஆக இருந்ததா என்பதே எனக்கு முக்கியம். கோவிட் நோயாளிகளின் இறப்பு அபாயத்தைக் கணிக்கும் 4சி மதிப்பெண்ணில் எட்டு விவரங்கள் உண்டு. அவற்றில் ரத்தத்திலிருந்து வருபவை யூரியா, சிஆர்பி இரண்டே. மற்றவை வயது, பாலினம், இணை நோய்கள், மூச்சு வேகம், ஆக்சிஜன், நினைவுத் தெளிவு.

கேள்வி: டி-டைமர் ஓர் ஆய்வகத்தில் 450, இன்னொன்றில் 900. ஒரே நாளில் இரட்டிப்பாகுமா?

பதில்: டி-டைமர், ரத்த உறைவு கரையும்போது உண்டாகும் புரதத் துண்டு. அதன் அலகைப் பாருங்கள். எஃப்இயு, டிடியு என்று இரண்டு உண்டு. ஒரு டிடியு ஏறக்குறைய இரண்டு எஃப்இயு. உங்கள் இரண்டு தாள்களும் ஒரே செய்தியைச் சொல்லக்கூடும்.

ஆய்வக நண்பர் ஒருவர்: அலகை நாங்கள் அச்சிட்டுத்தான் தருகிறோம். மருத்துவர்கள் படிப்பதில்லை.

பதில்: பாதி ஒப்புக்கொள்கிறேன். வேறிடத்திலிருந்து வந்த ஒருவருக்கு ஓரிரவில் எண் இரட்டிப்பானதாக நினைத்து, ரத்த உறைவைத் தடுக்கும் மருந்தை அதிகரிக்கப் போனோம். தாளின் ஓரத்தில், எண்ணைவிடச் சிறிய எழுத்தில், அலகு இருந்தது. செவிலியர் ஒருவர் விரல் வைத்துக் காட்டினார். படிக்காதது எங்கள் தவறு. எண்ணுக்கு அருகிலேயே அதே அளவு எழுத்தில் அச்சிடுவது உங்கள் கடமை.

ஆய்வக நண்பர்: அப்படியானால் ரத்தம் எடுப்பவர்களும் கவனிக்கட்டும். குழாயைக் குலுக்கிச் சிவப்பணுக்களை உடைத்து அனுப்பிவிட்டு, எல்டிஎச் ஏன் இவ்வளவு என்று எங்களைக் கேட்கிறார்கள்.

பதில்: முழுக்கச் சரி. எல்டிஎச், செல்கள் சிதையும்போது ரத்தத்தில் கசியும் நொதி. சிவப்பணுவுக்குள்ளும் அது நிறைய உண்டு. மாதிரி சிவந்திருந்தால் மறுபடி எடுக்க வேண்டும். அந்த எண்ணை வைத்து நுரையீரலைப் பற்றி எதுவும் பேசக் கூடாது.

கேள்வி: ஃபெரிட்டின் 600?

பதில்: இரும்பைச் சேமிக்கும் புரதம் அது. அழற்சியில் ஏறும்; கல்லீரல் நோயிலும் மதுவாலும்கூட ஏறும். தனியாக அதற்குப் பொருள் இல்லை.

கேள்வி: சிஆர்பி 45, ஆக்சிஜன் 97. ஸ்டீராய்டு தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். இதே கேள்வி இன்று நான்காவது முறை வருகிறது; மேலே உள்ளவற்றைப் படித்துவிட்டுக் கேளுங்கள். 2020-இல் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இறப்பைக் குறைத்தது ஆக்சிஜனோ செயற்கைச் சுவாசமோ தேவைப்பட்டவர்களிடம்தான். மற்றவர்களுக்குப் பலன் தெரியவில்லை.

கேள்வி: ஸ்டீராய்டு தொடங்கிய மறுநாள் நியூட்ரோபில்-லிம்போசைட் விகிதம் ஏறிவிட்டது. நோய் முற்றுகிறதா?

பதில்: இரண்டும் வெள்ளையணு வகைகள். ஸ்டீராய்டே நியூட்ரோபிலை ஏற்றி லிம்போசைட்டைக் குறைக்கும். மருந்துக்கு முந்தைய விகிதத்துடன் ஒப்பிட்டுக் கலங்காதீர்கள். டோசிலிசுமாப் என்ற அழற்சி அடக்கும் மருந்து போட்டவர்களிடமும் இப்படித்தான்: அது இன்டர்லியூக்கின்-6-இன் வழியை அடைப்பதால் சிஆர்பி சரிந்துவிடும், புதிய பாக்டீரியத் தொற்று உள்ளே வளர்ந்தாலும் தாள் அமைதியாக இருக்கும். அப்போதும் மூச்சை எண்ணுங்கள்.

கேள்வி: ஆறு மாதக் குழந்தைக்கு...

பதில்: குழந்தை நல மருத்துவரிடம் இன்றே காட்டுங்கள். பெரியவர்களின் எண்களைக் குழந்தைக்குப் பொருத்த மாட்டேன்.