ஸ்லைடில் இருக்கும் குழந்தைக்கு என்ன வயது?

குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் பல வருடம் பேத்தாலஜிஸ்டாக, அதாவது திசுவையும் ரத்தத்தையும் சோதித்து நோயைக் கண்டறியும் மருத்துவராக இருந்து, இப்போது எம்.டி. மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும் டாக்டர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

என் ஆறு வயது மகளின் ரத்தப் பரிசோதனையில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் 310 என்று வந்து, பக்கத்தில் ‘அதிகம்’ என்று அச்சாகியிருக்கிறது. ஈரல் கெட்டுவிட்டது என்கிறார் லேப்காரர். உண்மையா?
*– வாசகி, கும்பகோணம்*

பயப்படாதீர்கள் அம்மா. இந்த என்சைம் ஈரலில் மட்டும் இல்லை, எலும்பிலும் இருக்கிறது. எலும்பு வளரும் வயதில் இது பெரியவர்களுக்கான மேல் எல்லையைப் போல இரண்டு மூன்று மடங்குகூட இருக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் அச்சிட்டிருப்பது பெரியவர்களுக்கான எல்லை. பிலிருபினும் மற்ற ஈரல் என்சைம்களும் சரியாக இருந்து, குழந்தை சாப்பிட்டு விளையாடிக்கொண்டிருந்தால் இந்த ஓர் எண்ணை வைத்துக் கவலைப்பட எதுவும் இல்லை. குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், போதும்.

வருத்தமெல்லாம் எனக்கு அந்த லேப் மீதுதான். நாலு வயதுவரை குழந்தை ரத்தத்தில் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களே தூக்கலாக இருப்பது இயல்பு. அதற்கும் இதே மாதிரி ‘அதிகம்’ என்று போட்டுப் பெற்றோரை அலையவிடுகிறார்கள். வயதுக்கேற்ற எல்லையை அச்சிடுவது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. கையெழுத்துப் போடுகிற டாக்டர் கேட்டால் நடக்கும்.

எம்.டி. பேத்தாலஜியில் எல்லா உறுப்பையும்தான் படிக்கிறார்கள். குழந்தைகளுக்கென்று தனிப் பயிற்சி எதற்கு?
*– எம்.பி.பி.எஸ். மாணவர், திருநெல்வேலி*

தம்பி, நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியின் கதையைச் சொல்கிறேன். ஒரு காலத்தில் உடற்கூறு படிக்கக் கிடைத்த குழந்தை உடல்கள் பெரும்பாலும் ஏழை வீட்டுக் குழந்தைகளுடையவை. நீண்ட நாள் நோயிலும் பட்டினியிலும் இறந்தவர்கள். உடம்பு அப்படி வதைபடும்போது தைமஸ் சுருங்கிவிடும். அந்தச் சுருங்கிய அளவையே டாக்டர்கள் இயல்பான அளவு என்று எழுதிவைத்தார்கள். பிறகு, நன்றாக இருந்து திடீரென்று இறந்த குழந்தைகளைத் திறந்து பார்த்தபோது தைமஸ் பெரிதாகத் தெரிந்தது. அதுதான் இயல்பான அளவு. ஆனால் தைமஸ் வீங்கி மூச்சுக்குழாயை அழுத்தியதால்தான் குழந்தை இறந்தது என்று முடிவு கட்டினார்கள். அதற்கு ஒரு நோய்ப் பெயரும் வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்காவில் மட்டும் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் நெஞ்சில், இல்லாத அந்த நோய்க்காக, எக்ஸ்ரே கதிர் பாய்ச்சினார்கள். அவர்களில் சிலருக்குப் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் வந்தது. இந்தத் தொடர்பைச் சுட்டிய ஆய்வு 1950-இல் வெளியானது.

இயல்பு எது என்று தெரியாமல் நோயைப் படித்ததால் வந்த வினை இது. குழந்தை விஷயத்தில் இயல்பு என்பது மாதத்துக்கு மாதம் மாறுகிறது. சுமார் 36 வாரம்வரை கருவின் சிறுநீரகத்தில், மேலுறைக்குக் கீழே கருநீலச் செல்கள் வரிசையாக இருக்கும். பழகாத கண்ணுக்கு அது கட்டி மாதிரி தெரியும். குழந்தையின் எலும்பு மஜ்ஜையில் இளம் லிம்போசைட்டுகள் நிறைய இருக்கும். லுகேமியா (ரத்தப் புற்றுநோய்) சிகிச்சை முடிந்து மஜ்ஜை தேறும்போது இன்னும் கூடும். நோய் திரும்பிவிட்டது என்று அதைப் படித்துவிட்டால் அந்தக் குடும்பம் என்ன பாடு படும், யோசித்துப் பாருங்கள். அதனால்தான் என் மாணவர்கள் மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடை வைத்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி: “வயது என்ன?” பெரியவர்களுக்கு வருடத்தில் சொன்னால் போதும். பச்சைக் குழந்தைக்கு நாள் கணக்கு வேண்டும், எத்தனை வாரத்தில் பிறந்தது என்பதும் வேண்டும்.

குழந்தைகளுக்கான பேத்தாலஜித் துறையில் போக ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
*– எம்.டி. முதலாண்டு மாணவி, மதுரை*

அமெரிக்காவில் பேத்தாலஜி முடித்தபின் ஒரு வருட ஃபெலோஷிப், தனித் தேர்வு என்று இருக்கிறது. பிரிட்டனில் கருவையும் குழந்தையையும் சேர்த்து ஒரு தனித்துறையாகவே வைத்திருக்கிறார்கள். நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். எம்.டி. மூன்று வருடத்துக்குள்ளேயே, குழந்தை அறுவை சிகிச்சை அதிகம் நடக்கும் மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லி உங்கள் துறைத் தலைவரிடம் கேளுங்கள். சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை போன்ற இடத்தில் ஒரு மாதம் உட்கார்ந்தால் கண் திறக்கும்.

அங்கே போனால் ஹிர்ஷ்ப்ரங் நோய்க்கான பயாப்சிகளை விடாமல் பாருங்கள். பிறந்து இரண்டு நாளாகியும் முதல் கறுப்பு மலம் போகாத குழந்தை, வயிறு உப்பி வரும். குடலின் கடைசிப் பகுதியில் கேங்லியான் செல்கள், அதாவது குடலை அசைக்கும் நரம்புச் செல்கள், இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்; இந்த நோயில் அவை இருக்காது. வருகிற துணுக்கு சில மில்லிமீட்டர்தான். பச்சைக் குழந்தையின் கேங்லியான் செல் சின்னது, முதிராதது; லிம்போசைட் என்று எளிதாகத் தள்ளிவிடலாம். ‘இருக்கிறது’ என்று சொல்ல ஒரு செல் கண்ணில் பட்டால் போதும். ‘இல்லை’ என்று சொல்ல பிளாக்கை, அதாவது துணுக்கைப் பொதித்த மெழுகுக் கட்டியை, அடுக்கடுக்காக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பார்த்தாக வேண்டும். கால்ரெடினின் என்ற புரதத்தைக் காட்டும் ஸ்டெயின் (சாயச் சோதனை) வந்தபிறகு வேலை கொஞ்சம் சுலபமாகியிருக்கிறது. ஆனாலும் அறுவை சிகிச்சையின் நடுவே ஃப்ரோசன், அதாவது உறையவைத்து உடனே பார்த்துச் சொல்ல வேண்டிய துணுக்கு, வரும்போது அது கைகொடுக்காது. மயக்கத்தில் குழந்தை, கையைக் கட்டிக்கொண்டு சர்ஜன். எந்த இடத்தில் குடலை வெட்டி இணைப்பது என்பது உங்கள் வாயிலிருந்து வரவேண்டும். தப்பினால் நோயுள்ள குடலையே இணைத்துவிடுவார்கள்; இன்னொரு அறுவை சிகிச்சை தேவைப்படும். இந்தப் பொறுமையைப் புத்தகத்தில் கற்க முடியாது. தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே ஸ்லைடை இரண்டு பேரும் பார்த்துத்தான் பழக வேண்டும்.

அப்புறம், பிரசவ வார்டோடு பேசி நஞ்சுக்கொடிகளை வாங்கிப் பாருங்கள். நல்ல பிரசவத்தினுடையதும் வேண்டும்.

பேத்தாலஜிஸ்ட் நோய்க்குப் பெயர் சொல்வதோடு சரி, சிகிச்சையில் அவர்களுக்குப் பங்கே இல்லை என்கிறான் என் நண்பன்.
*– வாசகர், கோவை*

நண்பரிடம் சிட்னி ஃபார்பரைப் பற்றிச் சொல்லுங்கள். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் பேத்தாலஜிஸ்ட். லுகேமியாவில் இறந்த குழந்தைகளைப் பரிசோதித்துக்கொண்டே இருந்தவர், அமினோப்டெரின் மருந்து கொடுத்து நோயைத் தற்காலிகமாகவேனும் பின்வாங்கச் செய்ததை 1948-இல் வெளியிட்டார். அந்த மருந்து எல்லப்பிரகட சுப்பாராவின் குழு அமெரிக்காவின் லெடர்லி மருந்து நிறுவன ஆய்வகத்தில் உருவாக்கியது. சுப்பாராவ் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். நுரையீரலையும் கணையத்தையும் தாக்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸை 1938-இல் தனி நோயாகப் பிரித்துக் காட்டிய டாரதி ஆண்டர்சனும் நியூயார்க்கில் பேத்தாலஜிஸ்டாக இருந்தவர்தான்.

பேரனுக்குப் பித்தளைப் பாத்திரத்தில் பால் காய்ச்சாதே என்கிறாள் மருமகள். நாங்கள் எல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம்?
*– வாசகி, தஞ்சாவூர்*

மருமகள் சொல்வதுதான் சரி. வெள்ளீயம் பூசாத பித்தளையிலிருந்து செம்பு பாலில் இறங்கும். சின்னக் குழந்தைகளின் ஈரலைக் கெடுத்து உயிரைப் பறித்த ஒரு சிரோசிஸ் (ஈரல் தழும்பேறி இறுகும் நோய்) நம் நாட்டில் நிறைய இருந்தது. அந்த ஈரல்களில் செம்பு குவிந்திருந்ததையும், பித்தளைப் பாலோடு அதற்கிருந்த தொடர்பையும் 1980-களில் புனேயில் நடந்த ஆய்வுகள் காட்டின. எவர்சில்வர் வந்தது, நோயும் ஏறக்குறைய மறைந்தது. என் மாணவர்கள் அதைப் பழைய ஸ்லைடுகளில்தான் பார்க்கிறார்கள். அதனால்தான் பழைய பிளாக்குகளை இடம் இல்லை என்று தூக்கிப்போட வரும்போதெல்லாம் நான் சண்டை போடுகிறேன்.

எங்களுக்கு எட்டாம் மாதத்தில் குழந்தை இறந்து பிறந்தது. போஸ்ட்மார்ட்டம் செய்யலாமா என்று கேட்டார்கள். மனம் வரவில்லை, மறுத்துவிட்டோம். தவறா?
*– பெயர் வேண்டாம், விழுப்புரம்*

தவறே இல்லை. அது உங்கள் உரிமை. இங்கிலாந்தில் லிவர்பூல் ஆல்டர் ஹே மருத்துவமனையில் பெற்றோருக்குத் தெரியாமல் குழந்தைகளின் உறுப்புகளை எடுத்து வைத்திருந்தது 1999-இல் வெளியே வந்தது. அந்தப் பெற்றோரின் போராட்டத்துக்குப் பிறகு 2004-இல் சட்டமே மாறியது. சம்மதம் கேட்பது எப்படி என்பதும் எங்கள் பயிற்சியில் சேர வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். உட்கார்ந்து, அவசரப்படுத்தாமல், எதை எடுப்போம், எப்போது திருப்பித் தருவோம் என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

உங்களிடம் வேறு வழிகளையும் சொல்லியிருக்க வேண்டும். குழந்தையைத் தொடாமலே நஞ்சுக்கொடியைப் பரிசோதிக்கலாம். கிருமித் தொற்று, ரத்த ஓட்டத் தடை போன்றவை அதில் தெரியும். எக்ஸ்ரே, புகைப்படம், குரோமோசோம் சோதனை என்றும் இருக்கின்றன. நஞ்சுக்கொடியை ஆய்வுக்கு அனுப்பியிருந்தால் பிளாக் இன்னும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். அடுத்த கர்ப்பத்துக்கு முன்னால் அந்த ரிப்போர்ட்டோடு உங்கள் மனைவியும் நீங்களும் மகப்பேறு மருத்துவரைச் சேர்ந்து பாருங்கள்.

மகனுக்குச் சிறுநீரகத்தில் வில்ம்ஸ் கட்டி என்று ரிப்போர்ட். இன்னொரு இடத்தில் காட்ட, எதைக் கேட்டு வாங்க வேண்டும்?
*– வாசகர், ஈரோடு*

ஸ்லைடுகளையும் பாரஃபின் பிளாக்குகளையும் இரண்டையும் கேளுங்கள். முதல் ரிப்போர்ட், ஸ்கேன், அறுவை சிகிச்சைக் குறிப்பு எல்லாம் கூடவே போகட்டும். அறுவை சிகிச்சைக்கு முன் கீமோ கொடுத்தார்களா என்பதைக் கட்டாயம் எழுதிக் கொடுங்கள்; கொடுத்திருந்தால் கட்டியைத் தரம் பிரிக்கும் முறையே வேறு. கட்டிகள் ஒன்றுக்கொன்று அச்சு அசலாகத் தெரியும் வயது இது, அதனால் குழந்தைக் கட்டிகளைத் தினமும் பார்க்கிற ஒருவரிடம் போவது நல்லது. சிகிச்சையை மட்டும் இதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டும் ஒருசேர நடக்கட்டும்.