ஊட்டிப் பக்கம் எனக்கு ஊர், எனக்குத் திக்குவாய். அடுத்த வாரம் வகுப்பில் தனியாகப் பத்து நிமிடம் பேச வேண்டும். தைரியமாகப் பேசுவது எப்படி?

திக்காமல் பேசிவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். திக்கினாலும் சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லிவிட வேண்டும் என்று நினையுங்கள். எனக்கும் சிறுவயதிலிருந்தே திக்கும். கோத்தகிரிக்காரன், படித்தது ஊட்டியில், இப்போது குன்னூரில் ஆசிரியர்.

கல்லூரியில் எனக்கு வந்த தலைப்பு நீலகிரி மலை ரயில். எனக்கு அடைப்பது 'க'. அந்தப் பாதையிலோ கல்லாறு, காட்டேரி, குன்னூர், கேத்தி என்று வரிசையாக நிற்கின்றன. அடைக்கப்போகிறது என்று தெரிந்ததும் வேறு சொல்லுக்குத் தாவுவது நம்மில் பலருக்குப் பழக்கம். 'கஷ்டம்' வராவிட்டால் 'சிரமம்' என்போம். ஊர்ப்பெயருக்கு எங்கே போவது? கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான் ரயில் பல்சக்கரத்தில் ஏறுகிறது, அதை விட்டுவிட்டு அந்த ரயிலைப் பற்றிப் பேசவே முடியாது. அதனால் தாவுவதில்லை, அந்தச் சொல்லிலேயே திக்குவது என்று முடிவு செய்தேன். 1899-ல் குன்னூர் வரை வந்த பாதை 1908-ல் ஊட்டியைத் தொட்டது என்று சொல்லி முடிக்கவே வெகுநேரம் பிடித்தது. எல்லோரும் கேட்டார்கள்.

கேட்டதற்குக் காரணம், முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்: "எனக்குத் திக்கும், நடுவில் நிற்பேன், சொல்லை எடுத்துக் கொடுக்க வேண்டாம்." பேராசிரியரிடம் முந்தின நாளே பேசிக் கூடுதல் நேரமும் வாங்கியிருந்தேன். நீங்களும் கேளுங்கள், தயங்கவே வேண்டாம். மறைக்கப் பார்க்கும் பதற்றம்தான் அடைப்பை இன்னும் இறுக்குகிறது.

அடைக்கும்போது முட்டித் தள்ளாதீர்கள். உதடா, நாக்கா, தொண்டையா, எங்கே இறுகியிருக்கிறது என்று கவனித்து, அதை மெல்லத் தளர்த்தி, அதே ஒலியை நீட்டியபடி வெளியே வாருங்கள். பேச்சுப் பயிற்சியாளர்கள் சொல்லித்தரும் முறை இது. தனியறையில் ஒத்திகை பார்த்துப் பயனில்லை, தனியாக இருக்கும்போது நம்மில் பெரும்பாலோருக்குத் திக்குவதே இல்லை. தோழி, தம்பி, யாராவது ஒருவர் எதிரில் உட்காரட்டும். பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போது, நன்றாக வரும் சொல்லிலும் வேண்டுமென்றே லேசாகத் திக்கிப் பாருங்கள். பயம் குறைவது உங்களுக்கே தெரியும்.

நாக்கில் வசம்பு தேய்க்கச் சொல்வார்கள், கூழாங்கல்லை வாயில் போடச் சொல்வார்கள். காதில் வாங்காதீர்கள். இது நாக்கின் குறையும் அல்ல, கோழைத்தனமும் அல்ல. மூளை பேச்சை ஒழுங்குபடுத்தும் விதத்தில் உள்ள வேறுபாடு. பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு உண்டு. நீங்களும் ஊட்டிப் பக்கம் என்பதால் சொல்கிறேன்: மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. கூடலூர் வழியாகப் போகலாம். தேர்வெல்லாம் முடிந்த பிறகு ஒருமுறை போய்வாருங்கள்.

கடைசியில் வரும் கேள்வி நேரத்துக்குத்தான் நான் அதிகம் பயந்தேன். எஞ்சின் ஏன் பின்னாலிருந்து தள்ளுகிறது என்று ஒருவன் கேட்டான். இணைப்பு அறுந்தால் பெட்டிகள் சரிவில் ஓடிவிடாமல் தாங்கத்தான் என்றேன், ஒவ்வொரு சொல்லிலும் திக்கியபடி. உடனே அடுத்த கேள்வி வந்தது, அதுவும் ரயிலைப் பற்றித்தான். நேரம் போதாது என்று பட்டால் ஸ்லைடுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், கேள்வி நேரத்தில் கை வைக்காதீர்கள்.