அனுபவம் இல்லாம ப்ராப்பர்ட்டி மேனேஜ்மென்ட் வேலைக்கு வர முடியுமா?

பி.காம் முடிச்சிருக்கேன், வீடு பெரம்பூர், எங்க போனாலும் அனுபவம் கேக்குறாங்கன்னு எழுதியிருக்கீங்க. தாராளமா வரலாம். நான் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் ஃப்ளாட் அசோசியேஷன்களுக்கு மேனேஜரா இருக்கேன், வந்தப்போ எனக்குக் கணக்கு எழுத மட்டும்தான் தெரியும்.

கோர்ஸ்ல காசு போடாதீங்க. உங்க தெருவுலயே பத்துப் பன்னெண்டு வீடு இருக்கிற பழைய ஃப்ளாட் இருக்கும், ரிட்டையர்டு சார் ஒருத்தர் செக்ரட்டரியா இருப்பாரு, மெயின்டனன்ஸ் வசூல் பண்ணியே அலுத்துப்போயிருப்பாரு, அவர்கிட்ட போய் மாசக் கணக்கை நான் பாத்துக்குறேன் சார்னு சொல்லுங்க. சம்பளம் கம்மிதான், ஆனா வவுச்சர், காமன் ஈபி பில், லிஃப்ட் ஏஎம்சி (வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம்) எல்லாம் கைக்கு வந்துடும்.

நம்ம ஏரியால பாதி வேலை தண்ணிதான். கடலோரம் போர் தண்ணி உப்பு, வால்வு பைப் எல்லாம் சீக்கிரம் அரிச்சுடும். லாரி வந்தா, விடுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் சம்ப்ல அளவு பாத்து நோட்ல எழுதுங்க. ஒரு ஃப்ளாட்ல ராத்திரில மேல் டேங்க் காலியாயிட்டே இருந்துச்சு, எல்லாரும் மூணாவது மாடிக்காரங்களத்தான் சொன்னாங்க, வாட்ச்மேன் அண்ணன் மட்டும் "ஒவ்வொரு வீட்டு வால்வா மூடிப் பாக்கலாம்மா"ன்னாரு, பாத்தா பூட்டிக்கிடந்த வீட்டு ஃப்ளஷ் டேங்க் ஒழுகிட்டிருக்கு. அவரு, பிளம்பர், எலக்ட்ரீஷியன், இவங்ககிட்ட கத்துக்கிட்டதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் சோறு போடுது.

அப்புறம் வெளியூர் ஓனருங்க வாடகைக்கு விட்டிருக்கிற வீட்டைப் பாத்துக்குறது. வாடகைச் சட்டம் 2017ல போட்டு 2019ல அமலுக்கு வந்துச்சு, அக்ரிமென்ட் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரிகிட்ட பதியணும், வேற மாதிரி பேசிக்கலன்னா அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது. இங்க பல பேரு இன்னும் பத்து மாசம் கேக்குறாங்க, ரெண்டு பக்கமும் பொறுமையா எடுத்துச் சொல்லுங்க. சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு தடவை, தொடக்கத்துலயே கட்டினா 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, இதை ஞாபகப்படுத்துற ஆளை ஓனர் விடவே மாட்டாங்க.

கொஞ்சம் பழகினதும் செக்ரட்டரிகிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு, பெரம்பூர் பக்கம் வந்திருக்கிற பெரிய கேட்டட் கம்யூனிட்டிகள்ல அசிஸ்டன்ட் வேலைக்குக் கேளுங்க, எக்ஸெல் நல்லாத் தெரிஞ்சிருக்கணும்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா. செப்டிக் டேங்க்குள்ள ஆளை இறக்கச் சொன்னா, யாரு சொன்னாலும் முடியாதுன்னுடுங்க. மனுஷக் கழிவை மனுஷனே அள்ளுறதைத் தடுக்கிற 2013 சட்டப்படி குத்தம், உள்ள இருக்கிற விஷவாயுல நிமிஷத்துல உயிர் போயிடும். மெஷின் லாரியக் கூப்பிடுங்க, செலவு ஜாஸ்தின்னு மீட்டிங்ல சண்டை போட்டா போடட்டும்.