மும்பை மழையில் குடும்பச் சுற்றுலா: முதலில் காலண்டரை எடுங்கள்

ஜூலை மூன்றாம் வாரம் மும்பையில் உறவுக்காரர் கல்யாணம். அதோடு நான்கு நாள் ஊர் சுற்ற ஆசை. பிள்ளைகளுக்கு 7, 11 வயது. மழைக்குப் பயந்து விட்டுவிடலாமா? (வாசகி, சேலம்)

விட வேண்டாம். ஆனால் எப்படிப்பட்ட மழைக்குள் போகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு போங்கள். சென்னையில் ஆண்டு முழுக்கப் பெய்வது சுமார் 1,400 மி.மீ. மும்பை சாந்தாகுரூஸில் ஜூலை ஒரு மாதத்திலேயே சராசரியாக 800 மி.மீ.க்கு மேல் கொட்டுகிறது. அப்படியும் ஊர் ஓடுகிறதென்றால், பெய்த தண்ணீர் கடலுக்கு வடிந்துவிடுவதுதான் காரணம். வடியாத நேரத்துக்குத்தான் நாம் பயப்பட வேண்டும்.

கடல் ஏறி நிற்கும்போது, இங்கே எல்லோரும் சொல்கிற ஹை டைட் நேரத்தில், வடிகால் வாய்கள் பல கடல்மட்டத்துக்குக் கீழே போய்விடும். கடல்நீர் ஊருக்குள் ஏறாமலிருக்க மதகுகளை மூடுவார்கள். சரியாக அப்போது கனமழை பிடித்தால் பம்பு வைத்து இறைத்தாலும் போதாது, தெருவில் தண்ணீர் நின்றுவிடும்.

அதனால் பயணத் திட்டம் கேட்டு வருகிறவர்களிடம் வீட்டுத் தினசரி காலண்டரைத்தான் முதலில் எடுக்கச் சொல்வேன். அமாவாசை, பௌர்ணமி, அவற்றை அடுத்த இரண்டு மூன்று நாட்கள்: இவற்றில்தான் ஏற்றம் பெரிது. 4.5 மீட்டரைத் தாண்டுவதும் உண்டு. மும்பையில் இந்தப் பெரிய ஏற்றம் பெரும்பாலும் நண்பகலுக்கும் 2 மணிக்கும் இடையில் வரும். பிறகு நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். 4.5 மீட்டரைத் தாண்டும் நாட்களின் பட்டியலை மாநகராட்சி மழைக்காலத்துக்கு முன்பே வெளியிடுகிறது. அந்த நாட்களில் காலையிலேயே கிளம்பி, 11 மணிக்குள் ஏதாவது பெரிய கட்டடத்துக்குள் போய்விடுங்கள். 3 மணிக்கு மேல் வெளியே வரலாம். கடலுக்குள் இருக்கும் ஹாஜி அலி தர்காவுக்குப் போகும் பாதையே ஏற்றத்தில் கடலுக்குள் மூழ்கிவிடும். அந்த நாட்களில் மாலை 5 மணி வாக்கில் போனால் கடல் இறங்கி, பாதை தெரியும்.

வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை விட்டால் 24 மணி நேரத்தில் 204 மி.மீ.க்கு மேல் பெய்யலாம் என்று பொருள். அன்று அறையிலேயே சீட்டு விளையாடுங்கள். ஆரஞ்சு என்றால் தங்கியிருக்கும் பேட்டையை விட்டு வெகுதூரம் போகாதீர்கள்.

சித்தி வீடு செம்பூரில் இருக்கிறது. அங்கே தங்கலாமா, ஃபோர்ட் பக்கம் ஓட்டல் எடுக்கலாமா? (வாசகர், திருச்சி)

சுற்றிப் பார்க்கும் நாட்களுக்கு மட்டுமாவது தெற்கே, ஃபோர்ட் பக்கமே தங்குங்கள். சித்தி கோபித்துக்கொண்டால் கடைசி இரண்டு இரவை அவருக்குக் கொடுங்கள். கேட்வே ஆஃப் இந்தியா, அருங்காட்சியகம், சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையம், மெரின் டிரைவ் கடற்கரைச் சாலை எல்லாம் அங்கே பக்கம் பக்கம். மழை வலுத்தால் பத்து நிமிடத்தில் அறைக்குத் திரும்பலாம். செம்பூரிலிருந்து வரும் ஹார்பர் லைன் லோக்கல் ரயில், தண்டவாளத்தில் தண்ணீர் தேங்கும் குர்லா, சுன்னாபட்டி வழியாகத்தான் வருகிறது.

இந்த ஊரில் மழை எல்லா இடத்திலும் ஒன்றுபோல் பெய்வதில்லை. 2005 ஜூலை 26 அன்று வடக்கே சாந்தாகுரூஸில் 944 மி.மீ. கொட்டித் தீர்த்தது. அதே நாளில் தென்கோடியில் இருக்கும் கோலாபாவில் பதிவானது சுமார் 74 மி.மீ. ஆகவே கிளம்பும் முன் நம் ஜன்னலைப் பார்த்தால் போதாது, போகிற பேட்டையில் இருக்கும் ஒருவருக்கு போன் போட்டுக் கேளுங்கள்.

செம்பூரில்தான் தங்குவீர்கள் என்றால் டாக்ஸியை ஈஸ்டர்ன் ஃப்ரீவே வழியாக விடச் சொல்லுங்கள். பெரும்பகுதி மேம்பாலம் என்பதால் தேங்கிய தண்ணீரில் சிக்க மாட்டீர்கள். ஆட்டோவை நம்பிக் கிளம்பாதீர்கள், சயானுக்கும் பாந்த்ராவுக்கும் தெற்கே அது ஓடாது. லோக்கல் ரயில் நடுவழியில் நின்றுவிட்டால், எத்தனை பேர் குதித்து இறங்கினாலும் பிள்ளைகளோடு நீங்கள் தண்டவாளத்தில் இறங்காதீர்கள்.

பிள்ளைகள் எலிஃபெண்டா குகைக்குப் படகில் போக வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்கள். (வாசகி, மதுரை)

மழைக்காலத்தில் அந்த நம்பிக்கையைக் கொடுக்காதீர்கள். கடல் கொந்தளித்தால் கேட்வேயிலிருந்து படகை நிறுத்திவிடுவார்கள். ஓடினாலும் ஒரு மணி நேரம் ஆட்டமாக ஆடும்.

அதற்குப் பதில் போரிவலி தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் கன்ஹேரிக்குக் கூட்டிப் போங்கள். என்னைக் கேட்டால் மும்பையில் மழைக்காகவே பார்க்க வேண்டிய இடம் இது ஒன்றுதான். கருங்கல் மலையில் பௌத்தத் துறவிகள் குடைந்த நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள். மழை பெய்யும்போது ஒரு குகையின் வாசல் திண்ணையில் பிள்ளைகளை உட்கார வையுங்கள். மேலே பாறையில் விழும் தண்ணீர், உளியால் வெட்டிய சிறு வாய்க்காலில் கூடி, வளைந்து வந்து, வாசலோரத் தொட்டிக்குள் இறங்குவது கண்ணெதிரே தெரியும். மழைநீர் சேகரிப்பைப் பாடப்புத்தகத்தில் படித்த பிள்ளை, இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் தொடங்கிய வேலை இன்னமும் ஓடுவதைத் தொட்டுப் பார்க்கலாம். நான் எத்தனையோ முறை போய்விட்டேன், அந்தத் தொட்டி ஓரத்திலிருந்து எழுந்து வர இன்னும் மனம் வருவதில்லை.

படிகளில் பாசி வழுக்கும். பிடிமானமுள்ள ஷூ கட்டாயம். ஓடையில் இறங்க விடாதீர்கள், மேலே பெய்த மழை திடீரென்று கீழே வரும். பூங்காவுக்குத் திங்கள்கிழமை விடுமுறை.

மாமனாருக்கு 74 வயது, முழங்கால் வலி. அவரை எங்கே அழைத்துப் போவது? (வாசகி, கோவை)

சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகம். திங்கட்கிழமையும் திறந்திருப்பதால் மற்ற இடங்கள் மூடியிருக்கும் அந்த நாளுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் டாக்ஸியில் உட்கார்ந்தபடியே ஓவல் மைதானத்தைச் சுற்றி வரச் சொல்லுங்கள். ஒரு பக்கம் கல்லால் கட்டிய விக்டோரியன் கோதிக் கட்டடங்கள், எதிர்ப்பக்கம் 1930கள் வாக்கில் பரவிய ஆர்ட் டெகோ பாணி வீடுகள். இரண்டையும் சேர்த்து 2018இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் எடுத்துக்கொண்டது. ஆர்ட் டெகோ வீடுகளின் ஜன்னலுக்கு மேல் புருவம் போல நீண்டிருக்கும் சன்ஷேடை அவருக்குக் காட்டுங்கள். வெயிலையும் மழையையும் ஒரே வளைவில் தடுக்கும்.

ஜூஹுவில் காலை நனைக்கவாவது விடலாமா? (வாசகர், நாகர்கோவில்)

வேண்டாம். அலை ஒரு காரணம். இன்னொன்று, மழைக்காலத்தில் நீலநிற பலூன் போல ஓர் உயிர் கரை ஒதுங்கும். புளூபாட்டில் என்பார்கள். அழகாக இருக்கும், பிள்ளை கட்டாயம் குனிந்து எடுக்கும். செத்துக் கிடந்தாலும் அதன் இழை கொட்டும். கொட்டிவிட்டால் தேய்க்காதீர்கள், மணல் போடாதீர்கள். கடல்நீரால் கழுவி, இழையை எடுத்துவிட்டு, பொறுக்கும் அளவுக்கு வெந்நீரில் வையுங்கள். மூச்சு வாங்கினால் உடனே மருத்துவமனை.

மெரின் டிரைவில் சுவரில் உட்கார்ந்து சுட்ட சோளம் சாப்பிடலாம். ஆனால் கடல் ஏறியிருக்கும்போது சுவரை விட்டுத் தள்ளியே நில்லுங்கள். சுவருக்கு அப்பால் கடலோரம் கிடக்கும் நாலுகால் கான்கிரீட் கற்களில் எந்த நேரமும் இறங்கக் கூடாது.

துணிமணி என்ன எடுத்து வைப்பது? (வாசகி, ஈரோடு)

ஜீன்ஸ் வேண்டாம், மூன்று நாளானாலும் காயாது. கடற்காற்றில் குடை திரும்பிக்கொள்ளும், பிள்ளைகளுக்கு ரெயின்கோட்தான் சரி.

தெருவில் தேங்கிய தண்ணீரில் நடக்க வேண்டி வந்துவிட்டால்? (வாசகர், வேலூர்)

முடிந்தவரை நடக்காதீர்கள், தண்ணீருக்கு அடியில் மேன்ஹோல் மூடி இல்லாமல் இருக்கலாம். வேறு வழியே இல்லையென்றால் சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, முன்னால் போகிறவர் கால் வைத்த இடத்திலேயே வையுங்கள். அறைக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, விரலிடுக்கில், குதிகாலில் கீறல் இருக்கிறதா என்று விளக்கடியில் பாருங்கள். எலிச் சிறுநீர் கலந்த வெள்ளத்தால் லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் எலிக்காய்ச்சல் வருகிறது, கீறல் வழியாகத்தான் சுலபமாக உள்ளே நுழையும். கீறல் இருந்தால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பாருங்கள். தடுப்பு மாத்திரை தருவார். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருந்து வேறு, நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். ஊர் திரும்பிய பிறகு இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், மும்பையில் வெள்ளத்தில் நடந்ததை உங்கள் ஊர் மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள்.