நெட்ஸில் வரும் ஆட்டம் மேட்ச்சில் ஏன் வருவதில்லை?

தம்பி, வந்த நாட்டில் ஒரு கிரிக்கெட் கிளப்பில் சேர்ந்திருக்கிறீர்கள். நெட்ஸில், அதாவது வலைப் பயிற்சியில், நன்றாக அடிக்கிறீர்கள், மேட்ச் என்றால் கையே ஓடுவதில்லை. டிரஸ்ஸிங் ரூமில் வாய் திறக்க வரவில்லை. உங்கள் பெயரை விட்டுவிட்டு வேறு ஏதோ சொல்லிக் கூப்பிடுகிறார்கள். "என் மனசு பலவீனமா, டீம் சரியில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் மனசு பலவீனம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பந்து வரும்போது, "நான் அவுட்டானால் எங்கள் ஆட்களே இப்படித்தான் என்பார்களோ" என்ற நினைப்பு ஓடினால், பந்தைப் பார்க்க வேண்டிய கவனத்தில் ஒரு பங்கு அதற்குப் போய்விடும். அதைவிடப் பெரிய சேதம் இன்னொன்று. தப்பு நடந்துவிடக் கூடாதே என்று, தானாக வரவேண்டிய ஷாட்டை நீங்களே மேற்பார்வை பார்க்கத் தொடங்குவீர்கள். முன்கால் எங்கே, முழங்கை எங்கே என்று யோசித்து முடிப்பதற்குள் டைமிங் போய்விடும். நெட்ஸில் ஸ்கோர் எழுத ஆளில்லை, அதனால் அங்கே இந்தத் தொந்தரவு இல்லை.

இது உங்களுக்கு மட்டும் நேர்வதல்ல. அமெரிக்காவில் ஜெஃப் ஸ்டோனும் அவர் குழுவினரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில் எல்லோருக்கும் ஒரே கோல்ஃப் சோதனைதான். "இது பிறவி உடல்திறனை அளக்கும்" என்று சொன்னபோது வெள்ளையர்களின் ஆட்டம் சரிந்தது. "இது ஆட்ட அறிவை அளக்கும்" என்று சொன்னபோது கறுப்பினத்தவரின் ஆட்டம் சரிந்தது. தன் இனத்தைப் பற்றி ஊர் எதைக் குறையாகச் சொல்கிறதோ, அந்த இடத்தில்தான் அவரவருக்குக் கை தடுமாறியது.

இது டீமை எப்படிப் பாதிக்கிறது என்பதை ஒரு கேட்ச்சில் பாருங்கள். மிட்-விக்கெட்டுக்கும் லாங்-ஆனுக்கும் நடுவே பந்து உயரே எழும்புகிறது. நீங்கள் எல்லைக்கோட்டருகே லாங்-ஆனில் நிற்கிறீர்கள், மிட்-விக்கெட்காரர் பிட்ச்சுக்குப் பக்கமாக உள்ளே நிற்கிறார். முன்னோக்கி ஓடிவரும் உங்களுக்குப் பந்து முகத்துக்கு நேரே தெரியும். மிட்-விக்கெட்டில் இருப்பவர் தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தபடி பின்னால் ஓட வேண்டும். ஆகவே "மைன்" (என்னுடையது) என்று கத்த வேண்டியது நீங்கள்தான். ஆனால் அவர் பத்து வருட சீனியர், உங்கள் உச்சரிப்பைப் பற்றி உங்களுக்கே கூச்சம். அரை நொடி தயங்குகிறீர்கள். இருவரும் ஓடி, இருவரும் நின்று, பந்து நடுவில் விழுகிறது. ஸ்கோர்புக்கில் இதற்குக் கட்டம் கிடையாது. ஆனாலும் விக்கெட்டைக் கோட்டைவிட வைத்தது அந்தத் தயக்கம்தான்.

கேள்வி கேட்டாலும் தப்பை ஒப்புக்கொண்டாலும் யாரும் மட்டம்தட்ட மாட்டார்கள் என்ற நம்பிக்கையைத்தான் உளவியல் பாதுகாப்பு என்கிறார்கள். ஹார்வர்டின் ஏமி எட்மண்ட்சன் 1999-இல் இதை விரிவாக எழுதினார். அதற்கு முன்பு மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே தவறை மறைக்காமல் பேசினார்கள் என்பதுதான் அவர் சொன்ன விளக்கம். டீமில் இடத்துக்குப் போட்டி இருக்கும்வரை பயம் முழுதாகப் போகாது, போகவும் தேவையில்லை. கேட்கவும் சொல்லவும் தடையில்லாமல் இருந்தால் போதும்.

இனி செய்ய வேண்டியது. அடுத்த பயிற்சியிலேயே பெயரைச் சரிசெய்யுங்கள். "என் பெயர் இது, இரண்டே அசை, இப்படிச் சொல்லுங்கள்" என்று சிரித்த முகமாக இரண்டு மூன்று தடவை திருத்தினால் பெரும்பாலானவர்கள் பிடித்துக்கொள்வார்கள். நாள் தள்ளிப்போனால் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டுவிடும். ஃபீல்டிங் பயிற்சியில் ஒவ்வொரு கேட்ச்சுக்கும், உங்களிடம் வராததற்கும்கூட, சத்தமாகக் கூப்பிட்டுப் பழகுங்கள். குரல் முதலில் பழக வேண்டும், துணிச்சல் பின்னால் வரும். திட்டம் புரியவில்லை என்றால் தலையாட்டாதீர்கள், "அப்போ நான் இங்கேதானே நிற்கணும்?" என்று இடத்தைக் காட்டிக் கேளுங்கள். தலையில் அடிபட்டு மயக்கமோ குழப்பமோ இருந்தால் உடனே சொல்லுங்கள். மூளையதிர்ச்சி என்ற சந்தேகம் வந்தாலே அன்றைக்குத் திரும்ப ஆடக் கூடாது. புதியவர்கள் இடம் போய்விடும் என்று மறைப்பது இதைத்தான், ஆபத்தும் இதில்தான் அதிகம்.

நோன்பு, உணவு, மது பற்றி கேப்டனிடம் தனியாக, சீசன் சூடுபிடிப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள். கேட்டால் வழி பிறக்கும். 2021 ஏப்ரலில் இங்கிலாந்தில் லெஸ்டர் – கிரிஸ்டல் பேலஸ் கால்பந்து ஆட்டத்தில், முஸ்லிம் வீரர்களான ஃபொஃபானாவும் குயாட்டேவும் நோன்பு துறக்க, ஒரு கோல் கிக் நேரத்தில் ஆட்டத்தைச் சற்று நிறுத்தினார்கள். 2022 ஜனவரியில் ஹோபார்ட்டில் ஆஷஸ் கொண்டாட்டத்தின்போது, மது அருந்தாத முஸ்லிம் வீரர் கவாஜா மேடைக்கு வரவேண்டும் என்பதற்காக ஷாம்பெய்னை நிறுத்தச் சொன்னார் ஆஸ்திரேலிய கேப்டன் பாட் கம்மின்ஸ்.

ஹோபார்ட்டில் நடந்தது கேப்டன் செய்ய வேண்டிய வேலை, உங்கள் வேலை அல்ல. உங்கள் கேப்டன் நல்ல மனுஷன் என்றால் இதையும் சொல்லிப்பாருங்கள்: மேட்ச் முடிந்த பேச்சில் அவர் தன் தப்பை முதலில் சொல்லட்டும், கருத்துக் கேட்கும்போது சீனியர்களைக் கடைசியில் வைக்கட்டும். "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்றால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள், "இந்த ஓவரில் நீ எங்கே நிற்பாய்?" என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

இனத்தையோ நிறத்தையோ மதத்தையோ இழுத்துப் பேசினால் அதைக் கிண்டல் என்று விழுங்காதீர்கள். ஒருமுறை நேரடியாக நிறுத்தச் சொல்லுங்கள். தொடர்ந்தால் தேதி, சொன்ன வார்த்தை, கூட இருந்தவர்கள் என்று அன்றே குறித்துவைத்து, கிளப் நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்ன புகார் பிறகு "அப்படிச் சொல்லவே இல்லையே" என்று ஆகிவிடும். இங்கிலாந்து கிரிக்கெட்டில் இனவெறி பரவலாக இருக்கிறது என்று 2023-இல் ஒரு சுயாதீன ஆணையமே அறிக்கை தந்தது. யார்க்‌ஷயர் அணியில் தனக்கு நேர்ந்த இனவெறியைச் சொன்ன முன்னாள் வீரர் அசீம் ரஃபீக் போன்றவர்கள் வெளிப்படையாகப் பேசாமல் அந்த அளவுக்கு விஷயம் வெளியே வந்திருக்காது.

பெயர், குரல், கேப்டனிடம் பேச்சு என்று எல்லாம் செய்தும் ஒரு சீசன் முடிவில் மாற்றமில்லை என்றால், கிளப்பை மாற்றுங்கள். புது இடத்தில் சேர்வதற்கு முன் ஒரு மேட்ச்சை வெளியே நின்று பாருங்கள். யாராவது கேட்ச் விட்டதும் பக்கத்தில் இருப்பவர்கள் அவரிடம் போகிறார்களா, கையை விரித்துத் திரும்பிக்கொள்கிறார்களா என்று மட்டும் கவனியுங்கள்.