வாய்ப்புற்றுத் திசுவில் கால்சியப் படிவு: கேள்வி பதில்

கேள்வி: வாய்ப்புற்றுத் திசுவை மெழுகில் பதித்த பிளாக்கை வெட்டினால் கத்தி கரகரக்கிறது, ரிப்பன் (தொடராக வரும் மெல்லிய சீவல்) கிழிகிறது. எலும்பு எதுவும் இல்லை.

பதில்: கெரட்டின் முத்துகளின் (கட்டியில் கெரட்டின் புரதம் திரண்ட உருண்டைகள்) நடுவே செத்த செல்களில் கால்சியம் படிந்திருக்கும். 5 சதவீத ஃபார்மிக் அமிலத்தில் பிளாக்கின் வெட்டுமுகத்தை அரை மணி முதல் ஒரு மணி நேரம் கவிழ்த்து வையுங்கள். கழுவி, ஐஸில் குளிரவைத்து வெட்டுங்கள். அமிலம் மேற்பரப்பில்தான் இறங்கும். மறுபடி ட்ரிம் செய்து மேற்பரப்பைச் சீவிவிட்டால் பட்ட பாடு வீண். கால்சியச் சாயம் போட வேண்டுமென்றால் அமிலத்துக்கு முன்பே ஸ்லைடு எடுத்துவிடுங்கள்.

கேள்வி: வான் கோசா என்ற வெள்ளிச் சாயத்தில் கறுத்தால் கால்சியம்தானே?

பதில்: வெள்ளி பிடிப்பது பாஸ்பேட்டையும் கார்பனேட்டையும், கால்சியத்தை அல்ல. உறுதி செய்ய இரண்டாவது சாயமும் வேண்டும்.

இன்னொருவர்: திசுவில் கரையாத பாஸ்பேட் என்றால் அது கால்சியத்தோடுதான் இருக்கும். இரண்டாவது சாயம் வீண்செலவு.

பதில்: முதல் பாதி சரி, முடிவு தவறு. வாயில் கறுப்பாகத் தெரிய மெலனின் உண்டு, பல் அடைத்த அமால்கம் துகள் உண்டு, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் விடும் நிறமியும் உண்டு. வெள்ளி போடாத ஸ்லைடு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதிலும் கறுப்பு தெரிந்தால் அது கால்சியம் அல்ல. பிறகு இரண்டாவது சாயம்: கால்சியத்தையே பிடிக்கும் அலிசரின் ரெட், பி.எச். 4.1 முதல் 4.3க்குள். ஆரஞ்சுச் சிவப்பு வந்தால் உறுதி. வெள்ளி நைட்ரேட்டுக்கு முன் காய்ச்சி வடித்த நீரில் மட்டும் கழுவுங்கள். குழாய்நீரின் குளோரைடு பட்டால் ஸ்லைடு முழுக்க அழுக்குப் படியும். பஃபர் கலக்காத ஃபார்மலினும் வேண்டாம். நாள்பட அமிலமாகி, தேடும் கால்சியத்தையே கரைத்துவிடும்.

கேள்வி: வெற்றிலைச் சுண்ணாம்புதான் கட்டியில் படிகிறதா?

பதில்: இல்லை. படிவது உடலின் சொந்தக் கால்சியம். சுண்ணாம்பின் தீங்கு வேறு: அதன் காரத்தில் பாக்கின் பாலிஃபீனால்கள் வினைமிகு ஆக்சிஜனை உண்டாக்குகின்றன. புகையிலை சேர்க்காத வெற்றிலைபாக்கும் புற்றுநோய் தரும்.

கேள்வி: அப்பாவின் ரிப்போர்ட்டில் 'கால்சிஃபிகேஷன்' என்று இருக்கிறது. பாலை நிறுத்தலாமா?

பதில்: வேண்டாம். அந்தச் சொல் நோயின் நிலையைச் சொல்வதல்ல. கட்டியின் அளவு, இறங்கிய ஆழம், கழுத்து நெறிக்கட்டி, இவற்றை மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: கால்சியம் மாத்திரையால் வந்ததா?

பதில்: இல்லை. மேலே சொன்னதுதான்: செத்த செல்களில் உடலின் சொந்தக் கால்சியம் படிகிறது.

கேள்வி: தயிர்?

பதில்: தயிராலும் வந்ததல்ல, அதையும் நிறுத்த வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்கு வாய்ப்புற்று. ரத்தத்தில் கால்சியம் 13; தூங்கிக்கொண்டே இருக்கிறார்.

பதில்: இது திசுப்படிவு அல்ல. கட்டி சுரக்கும் ஹார்மோன் போன்ற புரதத்தாலும் ரத்தக் கால்சியம் ஏறலாம். காத்திருக்காதீர்கள், இப்போதே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.